வீட்டில் கட்டும் விமானம்: எந்தக் குறையைத் திருத்துவது, எதை விடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் ஷெட்டிலோ கார் நிறுத்தும் இடத்திலோ சொந்தமாக விமானம் கட்டுவோரிடமிருந்து வரும் கேள்விகள் இவை. அலுமினியத் தகடுகளை ரிவெட் (துளையில் செருகி, மறுமுனையைத் தட்டிப் பரப்பித் தகடுகளைப் பூட்டும் ஆணி) அடித்துக் கட்டும் இரண்டு இருக்கை விமானத்தை மனதில் வைத்தே பதில்கள் எழுதப்பட்டுள்ளன. ஃபைபர், வெல்டிங் குழாய் பற்றியும் இடையிடையே வரும். கிட்டோடு (தயார் பாகங்களின் தொகுப்போடு) வந்த கையேடு இதற்கு மாறாகச் சொன்னால் கையேட்டையே பின்பற்றுங்கள்.

ஒரு கீறலோ பள்ளமோ கண்ணில் பட்டதும் முதலில் என்ன செய்வது?

கையில் இருக்கும் கருவியைக் கீழே வையுங்கள். பெரும்பாலான சின்னக் குறைகள் பெரிய குறைகளாவது பார்த்த அடுத்த பத்து நிமிடத்தில்தான். அந்த இடத்தில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டித் தேதி எழுதுங்கள், ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு நான்கு கேள்விகள் கேட்டுப் பாருங்கள். இங்கிருந்து விரிசல் தொடங்குமா? இங்கே அரிப்பு பிடிக்குமா? அசையும் பாகம் எதன் மீதாவது உரசுமா? எடையோ சமநிலையோ மாறுமா? நான்குக்கும் "இல்லை" என்றால் அது வெறும் அழகுக் குறை. அழகுக் குறைக்கு மட்டும் ஐந்தாவதாக ஒரு கேள்வி உண்டு: திருத்தப் போய் இப்போதிருப்பதைவிட மோசமாக வாய்ப்பு எவ்வளவு?

அழகுக் குறை என்று முடிவான, டேப் ஒட்டிய இடங்களை அந்தப் பாகம் முழுதும் முடிந்த பிறகு ஒரே மூச்சில் பாருங்கள். அதற்குள் பாதி இடங்கள் வேறொரு தகட்டின் அடியில் மறைந்திருக்கும்.

தகட்டில் கீறல். தேய்க்கலாமா?

முதலில் தகட்டின் அமைப்பு. 2024-டி3 ஆல்கிளாட் என்ற அலுமினியக் கலவைத் தகட்டின் இரு முகத்திலும் தூய அலுமினியத்தால் ஆன மெல்லிய பூச்சு இருக்கும். அரிப்பிலிருந்து உள்ளிருக்கும் கலவை உலோகத்தைக் காப்பது அதுதான். மெல்லிய தகட்டில் இந்தப் பூச்சு ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 5 சதவீதம். அதாவது 0.8 மி.மீ. தகட்டில் 0.04 மி.மீ., ஒரு தலைமுடியைவிட மெல்லியது. பளபளப்புக்காக முழுப் பரப்பையும் தேய்த்துத் தள்ளினால் கீறல் போகும், கூடவே காப்பும் போகும்.

கீறலுக்குக் குறுக்கே நகத்தை மெதுவாக இழுத்துப் பாருங்கள். நகம் சிக்கவில்லையென்றால் விட்டுவிடுங்கள், பெயின்ட் அடிக்கும் முன் போடும் பிரைமரே மூடிவிடும். நகம் சிக்கினால் அந்த இடத்தை மட்டும், கீறல் ஓடும் திசையிலேயே, 400-இல் தொடங்கி 600 கிரிட் தாளால் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். குறுகிய பள்ளமாக விடாமல், ஆழத்தைப்போலப் பல மடங்கு அகலத்துக்குச் சரிவாகப் பரப்பிவிட வேண்டும். கூர்மையான அடி இருக்கும் வரைதான் கீறல் ஆபத்து. சரிவாகிவிட்டால் அது வெறும் லேசான தாழ்வு. பிறகு கன்வர்ஷன் பூச்சு (அரிப்பைத் தடுக்கும் வேதிப் பூச்சு) அல்லது எட்ச் பிரைமர் (உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் அடிப்பூச்சு). 0.8 மி.மீ. தகட்டில் 0.08 மி.மீ.க்கு மேல் இறங்க வேண்டியிருந்தால் நிறுத்திவிட்டு வடிவமைப்பாளருக்கு எழுதிக் கேளுங்கள்.

தாளிலும் ஒரு கவனம் வேண்டும். ஹார்ட்வேர் கடையில் "வாட்டர் பேப்பர்" என்று கேட்டால் தரும் கறுப்புத் தாள் பெரும்பாலும் சிலிக்கான் கார்பைடு. அதன் துகள் கூர்மையானது, அலுமினியத்தை ஆழமாக வெட்டும். அலுமினியம் ஆக்ஸைடு தாள் என்று கேட்டு வாங்குங்கள். இரும்புக் கம்பளியும், இரும்பைத் தேய்த்த ஸ்காட்ச் பிரைட்டும் அலுமினியத்தின் பக்கமே வரக்கூடாது. பதிந்து போகும் இரும்புத் துகளைச் சுற்றி அரிப்பு தொடங்கும்.

அப்படியானால் எந்தக் கீறலையும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாமா?

வேண்டும். இடம் முக்கியம். தகட்டின் நடுவில் இருக்கும் அசிங்கமான கீறலைவிட, ஓரத்தில் கண்ணுக்கே தெரியாத வெட்டு பல மடங்கு கெட்டது. ஸ்னிப் வெட்டிய ஓரம், பேண்ட்சா பல் விட்ட கோடு, துளையின் விளிம்பில் நிற்கும் பிசிர் எல்லாம் விரிசலின் தொடக்கப் புள்ளிகள். ஓரங்களை ஃபைல் போட்டு, ஸ்காட்ச் பிரைட் சக்கரத்தில் காட்டி, விரலை ஓட்டினால் எங்கும் பிடிக்காத அளவுக்குக் கொண்டுவருவது கட்டாயம். இதை அழகு வேலை என்று தள்ளிப்போடுவோர் அதிகம். அது தவறு.

இன்னொன்று, கத்திக் கோடு. தகட்டின் மேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் பிலிமை ரிவெட் வரிசை நெடுகக் கத்தியால் கிழித்தால், அடியில் உலோகத்தில் நேரான, கூர்மையான ஒரு கோடு விழும். மடிப்பு ஒட்டி விழுந்தால் அந்தத் தகடு அந்தக் கோட்டிலேயே ஒருநாள் பிளக்கும். பிலிமை வெட்ட, முனையை உருட்டையாகத் தேய்த்த சால்டரிங் அயர்னை ஓட்டினால் போதும், உருகிப் பிரிந்துவிடும். அளவுக் கோட்டை ஸ்கிரைபரால் கீறாதீர்கள். பென்சிலும் ஆகாது, கிராஃபைட் அலுமினியத்தோடு சேர்ந்து அரிப்பை உண்டாக்கும். மெல்லிய முனை மார்க்கர் போதும்.

ரிவெட் சரியில்லை. எடுத்துவிட்டு வேறு அடிக்கலாமா?

பத்தில் எட்டு தடவை பதில்: வேண்டாம். ஆனால் எதை வைத்து "சரியில்லை" என்கிறீர்கள் என்று முதலில் பார்க்க வேண்டும்.

அளவு சுலபம். அடித்த தலை, அதாவது தட்டிப் பரப்பிய முனை, ரிவெட் தண்டின் விட்டத்தைப்போல ஒன்றரை மடங்கு அகலமும் பாதி உயரமும் இருக்க வேண்டும். 3.2 மி.மீ. ரிவெட்டுக்கு 4.8 அகலம், 1.6 உயரம். 2.4 மி.மீ. ரிவெட்டுக்கு 3.6 அகலம், 1.2 உயரம். அடிக்கும் முன் தண்டு தகட்டுக்கு வெளியே ஒன்றரை விட்டம் நீட்டிக்கொண்டிருந்தால் இந்த அளவு தானாக வரும். 1.6 மி.மீ. தகட்டுத் துண்டில் 4.8 மி.மீ. துளை போட்டால் அதுவே கேஜ். தலை மேல் கவிழ்த்தால் துளை நிறைய வேண்டும், மேல் மட்டம் சமமாக வர வேண்டும். சிப்காட்டில் எந்த மெஷின் ஷாப்பிலும் சில நிமிடத்தில் செய்து தருவார்கள்.

தலை கொஞ்சம் உயரமாக இருந்தால் இன்னும் இரண்டு தட்டு தட்டுங்கள், அவ்வளவுதான். கொஞ்சம் தட்டையாகப் போயிருந்தால் பெரும்பாலும் விட்டுவிடலாம். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலும் துளையை முழுக்க மூடியிருந்தால் விடுங்கள். எடுத்தே ஆக வேண்டியவை மூன்று: தண்டு மடங்கி ஒரு பக்கமாகப் படுத்துத் துளை எட்டிப் பார்ப்பது, இரண்டு தகடுகளுக்கு நடுவில் உலோகம் புகுந்து தகடுகள் பிரிந்து நிற்பது, தொழிற்சாலைத் தலையின் (ரிவெட்டோடு வந்த தலையின்) அடியில் 0.05 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) தண்டு வரை போவது.

விடச் சொல்வதற்குக் காரணம், ஒரு ரிவெட்டை எடுக்கும்போது துளை பெரிதாவதுதான். சுமாரான ரிவெட் நல்ல துளையில் இருப்பது, அழகான ரிவெட் நீள்வட்டத் துளையில் இருப்பதைவிட எவ்வளவோ மேல்.

எடுத்தே ஆக வேண்டும் என்றால்?

தொழிற்சாலைத் தலையின் நடுவில் ஆட்டோமேட்டிக் சென்டர் பஞ்சால் ஒரு புள்ளி. துளைக்கு எடுத்த டிரில்லைவிட ஒரு அளவு சின்ன டிரில்லால் தலையின் உயரம் வரை மட்டும் இறங்குங்கள், தகட்டைத் தொட வேண்டாம். அந்தத் துளையில் பின் பஞ்சை நுழைத்துச் சாய்த்தால் தலை ஒடிந்து வரும். பிறகு பின்பக்கம், அடித்த தலையைச் சுற்றிப் பக்கிங் பாரையோ (ரிவெட் அடிக்கும்போது பின்னால் பிடிக்கும் எஃகுக் கட்டி) துளை போட்ட மரக்கட்டையையோ தாங்கல் கொடுத்து, பஞ்சால் மெதுவாகத் தட்டித் தண்டை வெளியே தள்ளுங்கள். தாங்கல் இல்லாமல் தட்டினால் தகடு குழிந்துவிடும். அந்தக் குழி வெளியே தெரியும், ரிவெட் தெரிந்திருக்காது.

துளை பெரிதாகிவிட்டால் அடுத்த அளவு ரிவெட். அதற்கு முன் ஓர தூரம் அளக்க வேண்டும்: துளையின் மையத்திலிருந்து ஓரம் வரை குறைந்தது இரண்டு விட்டம். 3.2-லிருந்து 4 மி.மீ.க்குப் போனால் 8 மி.மீ. தேவை. டிம்பிள் செய்த (தலை மட்டமாக உட்காரக் குழித்த) துளையில் அடுத்த அளவு ரிவெட்டின் தலை உட்காராது. அதற்காகவே தண்டு 3.2 மி.மீ.யும் தலை 2.4 மி.மீ. ரிவெட்டுக்கு ஒத்ததுமாக என்.ஏ.எஸ்.1097 ஏ.டி.4 என்று ஒரு ரிவெட் இருக்கிறது. ஐம்பது எண்ணம் வாங்கி வையுங்கள். முதல் பாகம் முடிவதற்குள் கை தேடும். ஆனால் இதன் தலை சிறியது என்பதால் அங்கொன்று இங்கொன்று போடலாம், ஒரு வரிசை முழுக்கப் போடக்கூடாது.

ரிவெட் செட் (ரிவெட்டை அடிக்கும் கருவியின் முனை) வழுக்கித் தலையில் பிறை போன்ற தழும்பு. பார்க்கவே பிடிக்கவில்லை.

ரிவெட் தலையில் மட்டும் இருந்தால் விடுங்கள். தகட்டில் விழுந்திருந்தால் நகச் சோதனை. சிக்கினால் மேலே சொன்னபடி தேய்த்துச் சரிவாக்கிப் பிரைமர் வையுங்கள். செட்டின் முகத்தில் ஒரு சுற்று டேப் ஒட்டினால், காற்றழுத்தத்தைக் கொஞ்சம் குறைத்தால், அடுத்த தழும்பு வராது.

பள்ளம் விழுந்த தகட்டை டிங்கரிங் பட்டறையில் கொடுத்தால் நிமிர்த்தித் தருவார்களா?

தருவார்கள். கொடுக்காதீர்கள். கார் கதவு மெல்லிய எஃகு, அதைச் சூடு காட்டலாம், ஸ்டட் வெல்டு செய்து இழுக்கலாம், சுத்தியலால் நீட்டிச் சுருக்கலாம். 2024-டி3 தகட்டில் சூடு பட்டால் அதன் பலத்தைத் தந்த பதமே போய்விடும், வெளியே எதுவும் தெரியாது. சுத்தியலால் அடித்தால் உலோகம் நீண்டு, ஒரு பள்ளம் இருந்த இடத்தில் மூன்று மேடு வரும்.

ரிப்களுக்கு (இறக்கைக்குள் இருக்கும் குறுக்குச் சட்டங்களுக்கு) நடுவில், கூர்மையான மடிப்பு இல்லாத, உள்ளங்கை அகலத்தில் லேசான பள்ளம் என்றால் பறப்பதற்கு ஒரு தடையும் இல்லை. விடுங்கள், அல்லது பெயின்ட்டுக்கு முன் மிக மெல்லிசாக எபாக்ஸி பட்டி போடுங்கள். ரிவெட் வரிசையை ஒட்டியோ இறக்கையின் முன்விளிம்பிலோ மடிப்புபோல் விழுந்திருந்தால் அது அழகுப் பிரச்சினை அல்ல. ஒட்டுத் தகடா புதுத் தகடா என்று வடிவமைப்பாளரிடம் கேளுங்கள்.

தகட்டை அழுத்தினால் "டப்" என்று உள்ளே போய் வெளியே வருகிறது. ஏன்?

தகடும் சட்டமும் வேறு வேறு வெப்பத்தில் இருந்தபோது ரிவெட் அடித்திருப்பீர்கள், அல்லது ஒரு மூலையில் தொடங்கி மறு மூலைக்கு வரிசையாக அடித்துத் தளர்வையெல்லாம் கடைசியில் தள்ளிக் கொண்டுபோயிருப்பீர்கள். அலுமினியம் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 0.023 மி.மீ. விரியும். தருமபுரி மே மாத வெயிலில் வாசலில் சாய்த்துவைத்த தகடு, ஷெட்டுக்குள் இருக்கும் சட்டத்தைவிட 15 டிகிரி கூடுதல் சூடாக இருந்தால் ஒரு மீட்டருக்கு 0.35 மி.மீ. வித்தியாசம். இரண்டையும் ஓர் இரவு ஒரே இடத்தில் வைத்து, காலையில் எல்லாத் துளையிலும் கிளீக்கோ (தகடுகளைத் தற்காலிகமாகப் பிடிக்கும் கிளிப்) மாட்டி, நடுவிலிருந்து ஓரம் நோக்கி அடியுங்கள். ஏற்கெனவே அடித்துவிட்டால், ரிவெட்டை எல்லாம் எடுக்காதீர்கள். உட்பக்கம் ஒரு சின்ன எல் ஆங்கிளைச் சீலன்ட்டால் ஒட்டினால் சத்தம் நிற்கும்.

மொத்த இறக்கையையும் பட்டி பார்த்து வழவழப்பாக்கினால் என்ன?

கணக்குப் போடுங்கள். 10 சதுர மீட்டர் பரப்பில் சராசரி அரை மி.மீ. கனத்தில் பட்டி என்றால் 5 லிட்டர். கார் பட்டறைப் பாலியெஸ்டர் பட்டி லிட்டருக்கு ஏறத்தாழ 1.8 கிலோ, ஆக 9 கிலோ. எபாக்ஸியில் மைக்ரோ பலூன் (நுண்ணிய வெற்றுக் குண்டுகளாலான தூள்) கலந்தால் லிட்டருக்கு 0.6 கிலோ அளவில் வரும், 3 கிலோ. அந்த 9 கிலோ என்பது 12 லிட்டர் பெட்ரோல், அரை மணி நேரத்துக்கு மேல் பறக்கும் எரிபொருள்.

இந்தப் பக்கத்தில் எடைக்கு விலை இன்னும் அதிகம். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம், அதாவது 3,000 அடி. 35 டிகிரி வெயிலில் எஞ்சினும் புரொப்பெல்லரும் இறக்கையும் ஏறத்தாழ 6,000 அடி உயரத்தில் இருப்பதாகவே உணரும். தளி சாலையில் பெலகொண்டப்பள்ளி ஓடுதளத்தில் மதியம் ஏறப் போகும் விமானத்துக்கும், சென்னைக் கடற்கரையில் ஏறும் அதே விமானத்துக்கும் ஓட்டத் தூரம் ஒன்றாக இருக்காது. பட்டிக்காக எடை ஏற்றுவது அந்த ஓட்டத்தை இன்னும் நீட்டும்.

இன்னொரு தொல்லை. ரிவெட் தலைகள் மேலும் தகடு சேரும் கோட்டின் மேலும் வைத்த பட்டி நிலைக்காது. இறக்கை வளையும்போது அந்தத் தகடுகள் நுண்ணிய அளவில் நகரும், ஆறு மாதத்தில் ரிவெட் வரிசை முழுக்கப் பெயின்ட்டில் வட்ட வட்டமாக விரிசல் தெரியும். பழைய நிலையே அழகாக இருந்திருக்கும்.

அய்லெரான், எலிவேட்டர், ரடர் என்ற அசையும் கட்டுப்பாட்டுப் பாகங்களில் பட்டி வைக்கலாமா?

இங்கே மட்டும் நாங்கள் கறார். இவற்றில் பட்டி கூடாது. கீலின் பின்னால் ஏறும் ஒவ்வொரு கிராமும் ஃப்ளட்டர் என்ற அதிர்வுக்கு வழி. அந்த அதிர்வு தொடங்கினால் சில நொடிகளில் பாகம் பிய்ந்து போகலாம். கீலுக்குப் பின்னால் 30 செ.மீ. தூரத்தில் 100 கிராம் வைத்தால், கீலுக்கு முன்னால் 10 செ.மீ. தூரத்தில் 300 கிராம் ஈயம் வைத்தால்தான் சரியாகும். பெயின்ட் அடித்து முடிந்ததும் பாகத்தைக் கழற்றி, கையேட்டில் உள்ளபடி சமநிலையை மறுபடி சோதியுங்கள். பின்விளிம்பு அலை அலையாக வந்திருந்தால் அதையும் அழகுக் குறையாக எண்ணாதீர்கள், ஒரு பக்கமாக இழுக்கும். நேர்க்கோல் வைத்து அளந்து, கையேடு அனுமதிக்கும் அளவைத் தாண்டினால் பிரித்துச் செய்யுங்கள்.

ஃபைபர் கவுலிங்கில் (எஞ்சின் மூடியில்) ஊசித் துளைகள். பிரைமர் இரண்டு கோட் கூடுதலாக அடித்தால் மூடுமா?

மூடாது. பிரைமர் துளையின் வாயில் பாலம் போட்டு நிற்கும், வெயிலில் உள்ளே இருக்கும் காற்று விரிந்ததும் வாய் திறக்கும். வெறும் எபாக்ஸியைக் கலந்து, பிளாஸ்டிக் அட்டையால் அழுத்தி இழுத்து மிக மெல்லிசாகப் பரப்புங்கள். கெட்டியானதும் 320 தாளால் தேய்த்து இன்னொரு முறை. இழை தெரியும்வரை தேய்க்காதீர்கள். கலவை விகிதத்தைத் தராசில் நிறுத்துப் பாருங்கள், கண்ணளவு வேண்டாம். ஐப்பசி மழைக்காலத்தில் கெட்டியான எபாக்ஸியின் மேல் பிசுக்கென்று ஒரு படலம் வரும். அடுத்த கோட்டுக்கு முன் அதைத் தண்ணீரும் ஸ்காட்ச் பிரைட்டும் வைத்துக் கழுவாவிட்டால் மேல் கோட் உரிந்து வரும்.

முழு ஃபைபர் விமானம் என்றால் வெள்ளை நிறமே பாதுகாப்பு. நம் வெயிலில் அடர் நிறப் பரப்பு, சாதாரண வெப்பத்தில் கெட்டியாக்கிய எபாக்ஸி இளகும் அளவுக்குச் சூடேறும்.

ஒரு எச்சரிக்கை: பக்கத்தில் கிரானைட் அறுக்கும் பட்டறை இருந்தால் அதன் தூசி ஈரப் பெயின்ட்டில் மட்டுமல்ல, டிரில், பேரிங் எல்லாவற்றிலும் புகும். அதே பட்டறையில் கழிவாகக் கிடக்கும் மெருகேற்றிய கிரானைட் துண்டு, தாளை ஒட்டித் தட்டையாகத் தேய்க்க மிக நல்ல தளம்.

கேனப்பியில் (விமானி இருக்கையின் மேல் உள்ள ஒளிபுகும் மூடியில்) கீறல்?

அக்ரிலிக் என்பதால் மெருகேற்ற முடியும். மைக்ரோ மெஷ் தாள் 1500-இல் தொடங்கி 12000 வரை படிப்படியாக. ஒரு படியையும் தாண்டாதீர்கள். பார்வைக்கு நேராக வரும் இடத்தில் அதிகம் தேய்த்தால் காட்சி வளையும், அங்கே சின்னக் கீறல் இருந்தால் பேசாமல் விடலாம். தின்னர், பெட்ரோல், அமோனியா கலந்த கண்ணாடி கிளீனர் எதையும் தொடாதீர்கள், மயிரிழை விரிசல் வலைபோல் பரவும். ஓரத்திலிருந்து உள்நோக்கி ஓடும் விரிசல் அழகுக் குறை அல்ல. அதன் முனையில் துளை போட்டு நிறுத்திவிட்டு உற்பத்தியாளரின் வழிமுறையைப் பாருங்கள். அக்ரிலிக்கைத் துளைப்பதை மார்கழிக் காலையில் ஓசூரில் செய்யாதீர்கள், குளிரில் அது உடையும். 25 டிகிரிக்கு மேல், அக்ரிலிக்குக்கான டிரில்லோடு. அது அலுமினியத்தைப்போல மூன்று மடங்கு விரியும் என்பதால் ஸ்குரூ துளை கொஞ்சம் பெரிதாகவே இருக்கட்டும்.

வெல்டிங் தையல் மேடு பள்ளமாக இருக்கிறது. கிரைண்டர் பிடிக்கலாமா?

கூடாது. 4130 எஃகுக் குழாயாலான எஞ்சின் மவுண்டில் (எஞ்சினைத் தாங்கும் சட்டத்தில்) தையலைத் தேய்த்து வழவழப்பாக்கினால் பலம் குறையும், உள்ளே வெல்டு பிடித்ததா இல்லையா என்பதும் மறைந்துவிடும். கேட்டும் கிரில்லும் செய்து பழகிய வெல்டர் கை தானாகவே கிரைண்டரை எடுக்கும். வேலை கொடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

பவுடர் கோட்டிங் அழகாக இருக்கிறதே?

அது 180 முதல் 200 டிகிரி அடுப்பில் வேகும். 2024 தகடு, ஸ்பார் (இறக்கையின் முதன்மைச் சட்டம்), ரிப் எதையும் அங்கே அனுப்பாதீர்கள். எஃகு எஞ்சின் மவுண்டுக்குப் போடலாம் என்றாலும் தடித்த பூச்சு விரிசலை மறைத்துவிடும். மெல்லிய, வெளிர் நிறப் பெயின்ட் நல்லது.

பாகத்தையே புதிதாகச் செய்வது எப்போது?

ஓர தூரம் குறைந்துபோன துளைகள் ஒரே வரிசையில் இரண்டு மூன்று வந்துவிட்டால். இரண்டு துளைகள் ஒன்றோடொன்று சேர்ந்து "8" போன்ற துளை ஸ்பாரில் விழுந்தால். மடிப்பில் விரிசல் தெரிந்தால். டிம்பிளின் விளிம்பில் லென்ஸில் விரிசல் தெரிந்தால். இவற்றில் யோசனை வேண்டாம், ஆர்டர் போடுங்கள். வெளிநாட்டிலிருந்து பாகம் வர வாரங்கள் ஆகும், சுங்கத்துக்கும் பணம் வேண்டும். அதற்குப் பயந்து கெட்ட ஸ்பாரை மூடிவிடக் கூடாது.

மற்றபடி, வாலில் தொடங்கும் கிட்டுகளில் முதல் ரடரும் எலிவேட்டரும் எல்லோருக்கும் சுமாராகத்தான் வரும். இறக்கை முடிந்த பிறகு திரும்பிப் பார்த்து "அதை மறுபடி செய்யலாமா" என்று தோன்றும். வலிமையில் குறையில்லை என்றால் அந்த நேரத்தை ஃபியூஸ்லாஜில் (விமானத்தின் உடற்பகுதியில்) போடுங்கள்.

ஆய்வுக்கு வருபவர் அழகைப் பார்ப்பாரா?

நட்டின் வெளியே போல்ட்டின் மரை எத்தனை தெரிகிறது, நட்டு கழலாமல் தடுக்கும் காட்டர் பின் இருக்கிறதா, கட்டுப்பாட்டுக் கம்பி எங்காவது உரசுகிறதா, எரிபொருள் குழாய் எப்படிக் கட்டியிருக்கிறது என்று பார்ப்பவரே நல்ல ஆய்வாளர். ரிவெட்டின் பிறைத் தழும்பில் அவருக்கு ஆர்வம் இருக்காது. ஆனால் நீங்கள் பிரித்துச் சரிசெய்த இடங்களைப் படத்தோடும் தேதியோடும் பதிவேட்டில் எழுதிவைத்தால் கேள்விகள் பாதியாகக் குறையும்.

தகட்டின் நீல பிலிமை கடைசி வரை விட்டு வைத்தால் கீறலே விழாதே?

விழாது, ஆனால் மாதக் கணக்கில் விட்டால், அதுவும் தகரக் கூரை ஷெட்டின் சூட்டில், பசை இறுகிவிடும். உரிக்கும்போது துண்டு துண்டாக வரும், அடியில் ஈரம் நின்றிருந்தால் புழு ஊர்ந்ததுபோல அரிப்புக் கோடுகள் இருக்கும். ரிவெட் வரிசைகளுக்கு இடம் விட்டுப் பட்டைகளாக உரியுங்கள், மீதியை அந்தப் பாகம் முடிந்ததும் எடுத்துவிடுங்கள். ஒட்டிய பசைக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணி போதும், சுரண்ட வேண்டாம்.